ஒரு விநாடி வழக்கு

2009 டிசம்பர் 5 அன்று என்ன நடந்தது என்று நெப்ராஸ்கா மாநிலத் தலைநகரான லிங்கனில் யாரைக் கேட்டாலும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்கள். டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் பிக் டுவெல்வ் கான்ஃபரன்ஸின் இறுதி ஆட்டம். நெப்ராஸ்கா 12, டெக்சாஸ் 10. டெக்சாஸின் கோல்ட் மெக்காய் பந்தைக் கோட்டுக்கு வெளியே வீசுகிறார். கடிகாரம் 0:00 காட்டுகிறது. வென்றுவிட்டோம் என்று நெப்ராஸ்கா ஆட்கள் மைதானத்துக்குள் ஓடி வருகிறார்கள். நடுவர்கள் ரீப்ளே பார்த்துவிட்டு, இன்னும் ஒரு விநாடி பாக்கி என்கிறார்கள். அந்த ஒரு விநாடியில் ஹண்டர் லாரன்ஸ் 46 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போய்விடுகிறது. 13-12. டெக்சாஸ் சாம்பியன்.

“முடிஞ்ச ஆட்டத்தைத் திறந்து வச்சாங்க. டெக்சாஸுக்காக மட்டும்தான் அப்படித் திறப்பாங்க” என்றார் ரன்சா கடையில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர். மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வெங்காயமும் அடைத்துச் சுட்ட ரொட்டிதான் ரன்சா. நெப்ராஸ்காவைத் தாண்டினால் பார்ப்பது அரிது. அவர் தலையில் சிவப்புத் தொப்பி. கடையில் இருந்த எல்லோர் உடம்பிலும் ஏதோ ஒன்று சிவப்பு.

2024 நவம்பர் 23, சனிக்கிழமை. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் மெமோரியல் ஸ்டேடியத்தில் 80,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1962 நவம்பரிலிருந்து அங்கே ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிச்சமானதில்லை. ஆட்ட நாளில் அந்த ஸ்டேடியத்தை ஓர் ஊராகக் கணக்கிட்டால், ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்தபடி மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அதுதான். அன்று விஸ்கான்சினை 44-25 என்று வென்றார்கள். 2016-க்குப் பிறகு முதல்முறையாகப் பருவ இறுதியின் பௌல் ஆட்டத்துக்குத் தகுதி. தெருவெல்லாம் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவிலும், பதினைந்து ஆண்டுக்கு முந்தைய ஒரு விநாடி பேச்சில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த ஆட்டம் அறியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, மோதி, எறிந்து ஆடுவது. அதைக் கல்லூரி மாணவர்கள் ஆடுவதைப் பார்க்க லட்சம் பேர் கூடும் ஊர்கள் உண்டு. பத்துப் பதினெட்டு பல்கலைக்கழகங்கள் சேர்ந்தது ஒரு கான்ஃபரன்ஸ். யார் யாருடன் எப்போது ஆடுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. தொலைக்காட்சி உரிமையை விற்பதும், வந்த பணத்தைப் பிரித்துக் கொடுப்பதும் அதுதான். நடுவர்களை நியமிப்பதும், அவர்களுக்கு மதிப்பெண் போடுவதும், அடுத்த வாரம் எந்த ஊருக்கு அனுப்புவது என்று தீர்மானிப்பதும் அதுவே. தன் அணி ஒன்று தேசிய சாம்பியன் பட்டத்துக்குப் போனால் அந்தக் கான்ஃபரன்ஸுக்குக் கோடிக்கணக்கில் வரவு. 2009-இல் டெக்சாஸ் தோற்றிருந்தால் பிக் டுவெல்வுக்குத் தேசிய இறுதி ஆட்டத்தில் இடமே இருந்திருக்காது. லிங்கன்காரர்களின் சந்தேகத்துக்கு வேர் இதுதான். அதை வெறும் தோற்றவர் புலம்பல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

நான் கிளம்பியது தெற்கே, டெக்சாஸின் காலேஜ் ஸ்டேஷனுக்கு. 2011-இல் நின்றுபோன டெக்சாஸ் – டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆட்டம் பதின்மூன்று ஆண்டு கழித்து அந்த நவம்பர் 30 அன்று திரும்ப நடக்கவிருந்தது. விமானத்தில் போயிருக்கலாம். ஆனால் யு.எஸ். 77 என்ற பழைய சாலை லிங்கன், நார்மன், வேக்கோ என்று பழைய பிக் டுவெல்வின் ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுக்கொண்டு போகிறது. டெக்சாஸ் மீதான மனக்குறை ஊருக்கு ஊர் எப்படி மாறுகிறது என்று கேட்டுக்கொண்டே போக ஆசைப்பட்டேன்.

கான்சஸுக்குள் நுழைந்ததும் ஃப்ளின்ட் ஹில்ஸ். மரமில்லாத புல் மேடுகள், நவம்பரில் செம்பழுப்பாகக் காய்ந்து கிடக்கின்றன. அடியில் சுண்ணாம்புக்கல்லும் சிக்கிமுக்கிக் கல்லும். ஏர் இறங்காத மண் என்பதால்தான் உயரப்புல் வெளி இங்கே தப்பியிருக்கிறது. அந்த நீண்ட வெறுமையில் ஓட்டிக்கொண்டு போகும்போது, பெரியவர் அடுக்கிய பட்டியலை மனத்துக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

நெப்ராஸ்கா முன்பு இருந்த பழைய பிக் எய்ட் கான்ஃபரன்ஸின் அலுவலகம் கான்சஸ் சிட்டியில் இருந்தது. 1994-இல் டெக்சாஸின் நான்கு பல்கலைக்கழகங்களைச் சேர்த்துப் பிக் டுவெல்வ் உருவானபோது, தலைமையகம் டல்லாஸ் பக்கம் போய்விட்டது. கல்வித் தகுதியில் பாதி மட்டும் தேறிய வீரர்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நெப்ராஸ்காவுக்குக் கைகொடுத்து வந்தது. புதிய கான்ஃபரன்ஸ் அதற்குக் கடிவாளம் போட்டது. ஆண்டுதோறும் நடந்த நெப்ராஸ்கா – ஒக்லஹோமா ஆட்டம், வடக்கு தெற்கு என்று அணிகளைப் பிரித்ததால் நான்கு ஆண்டில் இரண்டு முறை என்றானது. கடைசியில் அந்த ஒரு விநாடி. 2010 ஜூனில் நெப்ராஸ்கா பிக் டென் கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்துவிட்டது.

போவதற்கு முன் ஆடிய கடைசிப் பருவத்தில், 2010 நவம்பர் 20 அன்று, காலேஜ் ஸ்டேஷனில் ஏ அண்ட் எம்மிடம் 9-6 என்று தோற்றது. அன்று நெப்ராஸ்கா மீது 16 பெனால்டி, 145 கெஜம். ஏ அண்ட் எம் மீது 2 பெனால்டி, 10 கெஜம். விலகிப் போகிறவனுக்குக் கொடுத்த தண்டனை என்று லிங்கனில் இன்றும் நம்புகிறார்கள். அந்த எண்களைப் பார்த்தால் எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது.

ஆனால் பெரியவரின் பட்டியலில் ஒன்று விடுபட்டிருந்தது. பிக் டுவெல்வில் தொலைக்காட்சிப் பணம் சமமாகப் பிரிக்கப்படவில்லை. ஒரு பாதி எல்லோருக்கும் சமம். மறு பாதி யார் அதிகமுறை திரையில் வருகிறார்களோ அவர்களுக்கு. அதனால் பெரிய அணிகள் கொழுத்தன, கான்சஸ் ஸ்டேட், அயோவா ஸ்டேட் போன்றவை ஒதுங்கி நின்றன. அந்த ஏற்பாட்டை ஆதரித்தவை நான்கு: டெக்சாஸ், ஒக்லஹோமா, ஏ அண்ட் எம், நெப்ராஸ்கா. கடிகாரத்தின் ஒரு விநாடியைப் பதினைந்து ஆண்டாகச் சுமக்கிற ஊரில், தன் பல்கலைக்கழகம் எந்தப் பக்கம் கை தூக்கியது என்பதை யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

ஒக்லஹோமா பல்கலைக்கழகம் இருக்கும் நார்மனில் இறங்கியபோது ஊர் வேறு மகிழ்ச்சியில் இருந்தது. நான் லிங்கனில் இருந்த அதே சனிக்கிழமை இரவு, ஒக்லஹோமா அலபாமாவை 24-3 என்று வீழ்த்தியிருந்தது. ஒக்லஹோமாவும் டெக்சாஸும் 2024 ஜூலையில்தான் எஸ்.ஈ.சி. கான்ஃபரன்ஸுக்கு மாறியிருந்தன. எஸ்.ஈ.சி. தலைமையகம் இருப்பது அலபாமாவின் பர்மிங்ஹாமில். எனவே அங்கே செல்லப்பிள்ளை யார் என்ற கேள்விக்குப் பழைய உறுப்பினர்களிடம் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு: அலபாமா. நார்மனில் காபி ஊற்றிக் கொடுத்த இளைஞருக்கு அந்தப் பதில் அதற்குள் தொற்றியிருந்தது. “பர்மிங்ஹாமுக்கே வலிச்சிருக்கும்” என்றார் பூரிப்புடன். டெக்சாஸ் பற்றிக் கேட்டேன். முகம் மாறியது. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தும், கடினமான ஆட்டங்களெல்லாம் ஒக்லஹோமாவுக்கு, எளிதானவை டெக்சாஸுக்கு என்றார்.

1971-இல் நன்றி தெரிவிக்கும் நாளன்று இந்த ஊரில்தான் நெப்ராஸ்கா ஒக்லஹோமாவை 35-31 என்று வென்றது. நூற்றாண்டின் ஆட்டம் என்று இரண்டு ஊரும் ஒரே குரலில் சொல்கிற ஆட்டம் அது. வென்றவர் தோற்றவர் இருவருக்கும் சொந்தமான நினைவு விளையாட்டில் எளிதில் கிடைப்பதல்ல. ஆண்டுக்கொரு முறை சந்தித்தவர்களை முதலில் பிரிவுகள் பிரித்தன, பிறகு கான்ஃபரன்ஸ்கள் பிரித்தன. 2021-இலும் 2022-இலும் இரண்டு ஆட்டம் ஆடினார்கள், அவ்வளவுதான். ஓரவஞ்சனை பற்றிய சண்டையில் உண்மையாகவே பறிபோனது இது என்று எனக்குத் தோன்றியது. ஒரு கோப்பையைவிட இது பெரிய இழப்பு.

ஆர்லிங்டனில் அந்த ஸ்டேடியத்தை வெளியிலிருந்துதான் பார்த்தேன். கண்ணாடியும் எஃகுமாக, நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிற பிரம்மாண்டம். கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அந்த ஒரு விநாடியின் வீடியோவைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். பந்து கோட்டுக்கு வெளியே கம்பித் தடுப்பில் படுகிறபோது கடிகாரத்தில் ஒரு விநாடி இருக்கிறது. என் கண்ணுக்கு அதில் ஐயமில்லை. நடுவர்கள் சொன்னது சரி. லிங்கன் பெரியவரிடம் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். அவரை ஒப்புக்கொள்ள வைக்கவும் முடியாது. ஏனென்றால் அந்தச் சரியான தீர்ப்பைச் சொன்னவருக்குச் சம்பளம் கொடுத்தது, அந்தத் தீர்ப்பால் பணம் பெற்ற அதே கான்ஃபரன்ஸ். நேர்மையான நடுவரையும் நம்ப முடியாதவராக ஆக்கிவிடுகிற ஏற்பாடு இது.

வேக்கோவில் நிற்கவில்லை. அங்கிருக்கிற பேய்லர் பல்கலைக்கழகம் 1994-இல் பிக் டுவெல்வில் இடம் பிடித்த நான்கில் ஒன்று. டெக்சாஸ் டெக் இன்னொன்று. அப்போதைய மாநிலத் துணை ஆளுநர் பாப் புல்லக் இந்த இரண்டிலும் படித்தவர். வெளியே நிறுத்தப்பட்ட ஹூஸ்டன், ரைஸ், டி.சி.யு., எஸ்.எம்.யு. ரசிகர்கள் இந்தத் தகவலை இன்னும் மறக்கவில்லை.

வேக்கோவிலிருந்து நெடுஞ்சாலை 6 பிராசோஸ் ஆற்றுச் சமவெளியை ஒட்டித் தென்கிழக்கே இறங்குகிறது. மார்லின், ஹெர்ன், பிரையன். அதை ஒட்டியே காலேஜ் ஸ்டேஷன். 1876-இல் திறந்த விவசாய, இயந்திரவியல் கல்லூரிதான் ஏ அண்ட் எம். ராணுவப் பயிற்சி மாணவர்களின் ஊர் அது. சீருடையும் முழங்கால்வரை பூட்ஸும் அணிந்த பிள்ளைகள் எதிரே வருகிற அந்நியனான எனக்கும் “ஹௌடி” சொன்னார்கள். மெரூன் நிறம் இல்லாத சட்டையே ஊரில் இல்லை.

இவர்கள் பிக் டுவெல்வை விட்டு வெளியேறிய கதை ஒரு தொலைக்காட்சி அலைவரிசையில் தொடங்குகிறது. 2011 ஜனவரியில் டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஈ.எஸ்.பி.என். நிறுவனத்துடன் இருபது ஆண்டுக்கு, 300 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. லாங்ஹார்ன் நெட்வொர்க் என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கென்றே ஓர் அலைவரிசை. அதில் வருகிற பணம் டெக்சாஸுக்கு. கான்ஃபரன்ஸில் இருந்த மற்ற யாருக்கும் பங்கில்லை. பள்ளி ஆட்டங்களையும் அதில் ஒளிபரப்பப் போவதாகப் பேச்சு வந்தது. ஒரு பதினேழு வயதுப் பையன் ஆடுவதைத் தன் அலைவரிசையில் காட்டுகிற பல்கலைக்கழகத்தை விட்டு அவன் வேறு எங்கே போய்ச் சேருவான்? ஏ அண்ட் எம் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். நியாயமான கேள்வி. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு அந்த ஆகஸ்டில் பள்ளி ஆட்ட ஒளிபரப்பைத் தடுத்தது. ஆனாலும் அந்த மாதக் கடைசியில் ஏ அண்ட் எம் கிளம்பிவிட்டது. 2012 ஜூலையில் எஸ்.ஈ.சி. உறுப்பினர்.

1894-இல் தொடங்கிய சண்டையின் கடைசி ஆட்டம் 2011 நவம்பர் 24 அன்று இங்கே, கைல் ஃபீல்டில் நடந்தது. கடைசி நொடியில் ஜஸ்டின் டக்கர் உதைத்த பந்தில் டெக்சாஸ் 27-25 என்று வென்றது. அதன் பிறகு ஆட்டமே இல்லை. ஆட்டத்தைத் திரும்ப நடத்தச் சொல்லி 2013-இல் மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாகூடக் கொண்டுவந்தார்கள், நிறைவேறவில்லை. ஏ அண்ட் எம்மின் போர்ப் பாட்டு டெக்சாஸை வைத்தே எழுதப்பட்டது. எதிரி இல்லாத பதின்மூன்று ஆண்டும் அதையே பாடினார்கள். தோளோடு தோள் கோத்துப் பக்கவாட்டில் ஆடிக்கொண்டு அவர்கள் பாடும்போது ஸ்டேடியத்தின் மேல்தட்டே அசைவதை உள்ளே இருப்பவர்கள் உணர்வார்களாம்.

வளாகத்தின் வடகிழக்குப் பக்கம் போலோ மைதானத்தில் ஒரு நினைவிடம் இருக்கிறது. டெக்சாஸுடன் ஆடுவதற்கு முன் ஆண்டுதோறும் மாணவர்கள் மரக்கட்டைகளை அடுக்கிப் பெருந்தீ மூட்டி வந்தார்கள். 1999 நவம்பர் 18 அதிகாலை, கட்டிக்கொண்டிருந்த அடுக்கு சரிந்து 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். வட்டமாக நிற்கும் 12 கல் வாயில்களும், இறந்த ஒவ்வொருவரின் சொந்த ஊர் இருக்கும் திசையை நோக்கித் திறந்திருக்கின்றன. ஒரு வாயிலுக்குள் நின்று பார்த்தால் கண்ணுக்குப் படுவது வானமும் புல்லும்தான்; அந்தக் கோட்டிலேயே போனால் ஒரு பிள்ளையின் வீடு. வெகுநேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

விபத்து நடந்த எட்டாம் நாள் ஆட்டம் நடந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வாத்தியக் குழு மைதானத்தில் இரங்கல் இசை வாசித்து, தொப்பியைக் கழற்றி நின்றது. ஏ அண்ட் எம் 20-16 என்று வென்றது. நினைவிடத்தில் பார்த்த ஒரு பெண்மணி, அந்த ஆண்டு இங்கே படித்தவர், இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. “அவங்க மேல எங்களுக்குக் கோபம் இருக்கு. அன்னைக்குத் தொப்பி கழட்டினதையும் மறக்க மாட்டோம்” என்றார். அப்படியானால் எதில் கோபம் என்று கேட்டேன். “நாங்க ஒரு வீட்டை விட்டு வெளிய வந்தோம், அவங்களால. இப்போ நாங்க வந்த வீட்டுக்கே அவங்களையும் கூட்டிட்டு வந்துட்டாங்க. எங்களை ஒரு வார்த்தை கேக்கல.”

2021-இல் டெக்சாஸும் ஒக்லஹோமாவும் எஸ்.ஈ.சி.யில் சேரப் போவதாகச் செய்தி கசிந்தபோது, இந்த மாநிலத்தின் ஒரே எஸ்.ஈ.சி. அணியாகத் தாங்களே இருக்க விரும்புவதாக ஏ அண்ட் எம்மின் விளையாட்டு இயக்குநர் வெளிப்படையாகச் சொன்னார். சில நாளில் வாக்கெடுப்பு: 14-0. அந்தப் பதினான்கில் ஏ அண்ட் எம்மின் வாக்கும் ஒன்று. பெண்மணிக்கு அது தெரிந்திருந்தது. தலையை ஆட்டினார், பதில் சொல்லவில்லை.

அன்றிரவு ஆட்டத்துக்கான டிக்கெட் என் கைக்கு எட்டாத விலையில் இருந்தது. ஒரு லட்சம் பேருக்கு மேல் கொள்ளும் கைல் ஃபீல்டுக்கு வெளியே, டெயில்கேட் கூடாரமொன்றில் இடம் கொடுத்தார்கள். வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து, புகையில் வாட்டிய பிரிஸ்கெட்டும் பீன்ஸும் பரிமாறி, பெரிய திரையில் ஆட்டம் பார்ப்பது இங்கே குடும்ப வழக்கம். டெக்சாஸ் 17-7 என்று வென்றது. ஏ அண்ட் எம்முக்குக் கிடைத்த ஒரே டச்டவுன், வில் லீ எதிரணி வீசிய பந்தைப் பிடித்துக்கொண்டு 93 கெஜம் ஓடியது. அப்போது ஸ்டேடியத்துக்குள்ளிருந்து எழுந்த சத்தம் எங்கள் நெஞ்சில் வந்து மோதியது. திரையில் அது சில விநாடி தாமதமாகத்தான் தெரிந்தது. கூடாரத்தில் தோல்வியை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் விசில் ஊதியபோதெல்லாம் யாரோ ஒருவர் அக்டோபர் 19-ஐ நினைவூட்டினார். அன்று ஆஸ்டினில் ஜார்ஜியாவுக்கு எதிரான ஆட்டத்தில் டெக்சாஸ் மீது ஒரு பெனால்டி சொன்னார்கள். ரசிகர்கள் மைதானத்துக்குள் பாட்டில்களை எறிந்தார்கள். ஆட்டம் நின்ற அந்த இடைவேளையில் நடுவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பை மாற்றினார்கள். எஸ்.ஈ.சி. பிறகு டெக்சாஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்தது. தீர்ப்பை மாற்றியது சரி என்பவர்களும் உண்டு. பாட்டில் பறந்த பிறகு மாற்றியதை யாராலும் நியாயப்படுத்த முடியாது என்பது என் எண்ணம்.

மறுநாள் நெடுஞ்சாலை 21 வழியாக ஆஸ்டின், ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ஓக் மரங்களும் மாட்டுப் பண்ணைகளும். அங்கே, பல்கலைக்கழகக் கோபுரத்துக்கு எதிர்ப்புறம், பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையுடன் வெகுநேரம் பேசினேன். எல்லோரும் செல்லப்பிள்ளை என்று கை நீட்டுகிற இடத்திலிருந்து கேட்டால், அவரிடமும் ஒரு குறைப் பட்டியல் இருந்தது. 2008-இல் டெக்சாஸ் ஒக்லஹோமாவை 45-35 என்று வென்றது. டெக்சாஸை டெக்சாஸ் டெக் வென்றது, டெக்கை ஒக்லஹோமா வென்றது. மூன்றும் சமம் என்றபோது தரவரிசையில் முந்தியவர் என்று ஒக்லஹோமாவைக் கான்ஃபரன்ஸ் இறுதிக்கு அனுப்பினார்கள். “நேருக்கு நேர் ஜெயிச்சவங்க வீட்ல உக்காந்திருந்தோம்” என்றார். லாங்ஹார்ன் நெட்வொர்க் பற்றிக் கேட்டேன். “கொடுத்தா வாங்காம இருப்பாங்களா? ஏ அண்ட் எம்முக்குக் கொடுத்திருந்தா வேண்டாம்னா சொல்லியிருப்பாங்க?” அவர் சொன்னதை மறுக்க என்னால் முடியவில்லை. அது 300 மில்லியன் டாலரை நியாயப்படுத்தவும் இல்லை.

அந்த அலைவரிசை இன்று இல்லை, எஸ்.ஈ.சி.யில் சேர்ந்தபோது டெக்சாஸ் அதை விட்டுக்கொடுத்தது. எஸ்.ஈ.சி.யில் பணம் சமமாகப் பிரிகிறது. ஆனால் நடுவர்கள் இன்னும் கான்ஃபரன்ஸின் ஆட்கள். எஸ்.ஈ.சி. ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை முழுவதும் ஈ.எஸ்.பி.என். கையில், தேசியத் தொடரில் யார் இடம் பெற வேண்டும் என்று வாரம் முழுக்க விவாதிப்பதும் அதே ஈ.எஸ்.பி.என். நடுவர்களைக் கான்ஃபரன்ஸ்களிடமிருந்து பிரித்து நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவர வேண்டும் என்று லிங்கனிலும் காலேஜ் ஸ்டேஷனிலும் கேட்டார்கள். அதோடு, தங்கள் பல்கலைக்கழகம் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது, எந்த வாக்கெடுப்பில் எப்படி வாக்களித்தது என்றும் அவர்கள் கேட்க வேண்டும் என்பேன். இவை பெரும்பாலும் மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற பல்கலைக்கழகங்கள். டெக்சாஸின் அந்த ஒப்பந்தமே பொதுத்தகவல் சட்டத்தின்கீழ் வெளியே வந்ததுதான்.

ஓராண்டு கழித்து, 2025 நவம்பர் 28 அன்று, பதினொரு ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காத ஏ அண்ட் எம் ஆஸ்டினுக்கு வந்து 27-17 என்று தோற்றது. ஆனால் பன்னிரண்டு அணிகளின் தேசியத் தொடருக்கு ஏ அண்ட் எம் ஏழாவதாகப் போனது. ஒன்பது வெற்றி, மூன்று தோல்வியோடு நின்ற டெக்சாஸுக்கு இடமில்லை. ஆசிரியையிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. நடுவர்களைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. பருவத்தின் முதல் ஆட்டத்தை, முந்தைய சாம்பியனான ஒஹையோ ஸ்டேட்டின் மைதானத்துக்கே போய் ஆடி 14-7 என்று தோற்றோம். அந்த இடத்தில் ஒரு நோஞ்சான் அணியை வைத்திருந்தால் பத்து வெற்றி ஆகியிருக்கும், தேர்வுக் குழு எங்களை எடுத்திருக்கும். அப்படியானால் இனி பெரிய அணியோடு ஆட எந்தப் பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போடும் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தைக் காலேஜ் ஸ்டேஷன் பெண்மணிக்கு அனுப்பிவைத்தேன். இதில் டெக்சாஸ்காரர்கள் சொல்வது சரிதான் என்று அவர் பதில் எழுதினார்.